விருந்தாளிக்கு வைத்த அக்ரூட்

தண்ணீர்த் தொட்டியில் கொட்டிய அக்ரூட்டில் பாதி மேலே வந்து மிதந்தது.

வியாபாரி கையிலிருந்த மூங்கில் கம்பால் மிதந்ததையெல்லாம் ஓரமாக ஒதுக்கினான். இன்னொரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டச் சொன்னான். அதிலும் பாதி மிதந்தது. தாஷிபிங் கிராமத்துக் களத்தில் கூடியிருந்த சனம் முழுக்க அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று துவான் யூச்சினுக்குத் தோன்றியது.

"டீச்சர், எனக்கும் உங்களுக்கும் ஒரு சண்டையும் இல்ல" என்றான் வியாபாரி. "இந்தச் சரக்க நான் குன்மிங்ல கொண்டுபோய் இறக்கினா, காயோட சேத்து என்னையும் தொட்டியில மிதக்க விட்டுருவானுங்க. மிதக்காதத மட்டும் குடுக்கச் சொல்லுங்க. அதுவும் போன வருஷ விலைக்கு முடியாது."

துவான் யூச்சின் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. மாவட்டத்து மர ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அக்ரூட்டைத் தவிர வேறு எதையும் அவள் பார்த்ததில்லை. மரத்தைப் பற்றி வாய் திறக்கிற எவரும் இந்த மலைக்காரர்களுக்கு டீச்சர்தான். தொட்டியில் மிதந்த காய் அத்தனையும் அவள் தேர்ந்தெடுத்த மரத்துச் சாதி.

முன்பெல்லாம் இந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு மரமும் தானாக விதை விழுந்து முளைத்தது. ஒன்றின் ஓடு கருங்கல். ஒன்றின் பருப்பை ஊசி வைத்துத்தான் நோண்ட வேண்டும். ஒன்று இரண்டு விரல் அழுத்தத்தில் உடைந்து, பருப்பை அப்படியே கையில் கொடுக்கும். அந்த நல்ல ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் குச்சியை வெட்டி, மற்ற மரங்களின் தலையை அறுத்து அதில் ஒட்டுக் கட்டிவிட்டால் மலை முழுக்க ஒரே நல்ல மரம். இதைத்தான் அவள் செய்தாள். வீடு வீடாகப் போய்ப் பேசி, தாத்தன் காலத்து மரங்களின் தலையை அறுக்கச் சொன்னாள். அறுத்தார்கள்.

முதல் காய்ப்பில் உள்ளே பருப்பில்லாத பொக்கு அதிகமாக இருந்தபோது, இளங்கொப்பு அப்படித்தான் என்றாள். அடுத்த வருடம் மழை மேல் பழி போட்டாள். அதற்கடுத்த வருடம் மண்ணில் சத்துப் போதவில்லை என்று மூட்டை மூட்டையாக உரம் வைக்கச் சொன்னாள். வைத்தார்கள். அவள் பேச்சில் அப்படி ஒரு நம்பிக்கை அந்தச் சனத்துக்கு. கொஞ்சம் நம்பத் தெரியாத சனமாக இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

கூட்டம் கலைந்தபோது யாரோ ஒரு பெண் அவள் கையைப் பிடித்து, "வெறும் வயித்தோட போகாதீங்க டீச்சர், கோதுமை அடை சூடா இருக்கு" என்று கூப்பிட்டாள். அந்தப் பெண்ணின் மூட்டைதான் இரண்டாவதாகத் தொட்டியில் மிதந்தது. வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு மலை ஏறினாள்.

ஒரே ஒரு நப்பாசைதான் அவளை ஏற வைத்தது. குச்சி வெட்டிய வருடம் கட்டுகள் மாறிப்போயிருக்கலாம். கூலியாட்கள் பக்கத்து மரத்துக் குச்சியைக் கலந்திருக்கலாம். தாய்மரம் நல்ல மரமாகவே இருந்துவிட்டால், அதிலிருந்து மறுபடி குச்சி எடுத்து, மறுபடி ஒட்டுக் கட்டி, இன்னும் ஏழெட்டு வருடத்தில் இந்தச் சனத்தைக் கரை சேர்த்துவிடலாம். அவள் ஓய்வு பெற்றுப் போயிருப்பாள். பரவாயில்லை.

தாய்மரம் லான்சியாங் வீட்டுப் பின்புறம் நின்றது. சுற்றிலும் கம்பி வேலி, முன்னால் ஒரு கல்லில் செதுக்கிய பெயர், கிளையில் சிவப்புத் துணி. மரத்துக்கு இவ்வளவு மரியாதை நடந்தால் அதற்கே கூச்சம் வந்திருக்கும். லான்சியாங்குக்கு அறுபது நெருங்குகிறது. அந்த மரத்தால் வந்த பெருமையில் அவள் நடையே மாறிப்போயிற்று என்று ஊரில் கேலி உண்டு.

"வாங்க டீச்சர், வாங்க! முகமெல்லாம் வாடிப்போச்சே. உள்ள வந்து உக்காருங்க, டீ வறுக்கறேன்."

அடுப்படியில் சின்ன மண்குடுவையைக் கனலில் வைத்து, டீ இலையைப் போட்டுக் குலுக்கினாள். வறுத்த வாசனை எழுந்ததும் வெந்நீர் ஊற்றினாள். குடுவை சீறிப் பொங்கியது. பிறகு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மூலையில் குவிந்திருந்த புது அக்ரூட் பக்கம் போய்க் குந்தினாள்.

துவான் டீயை ஊதிக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். லான்சியாங் ஒரு காயை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள். காதருகே ஆட்டினாள். அடுப்புக்குப் பின்னால் இருந்த கூடையில் வீசினாள். அடுத்ததை எடுத்தாள், ஆட்டினாள், தட்டில் வைத்தாள். அதற்கடுத்ததைக் கூடையில் வீசினாள். இன்னொன்றும் கூடைக்கே போயிற்று. கை பாட்டுக்கு வேலை செய்தது, வாய் பாட்டுக்கு மருமகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது.

"அக்கா."

"சொல்லுங்க டீச்சர்."

"என்ன பண்றீங்க?"

"என்ன பண்றேன்? உங்களுக்குக் காய் எடுக்கறேன்."

"அதெல்லாம் ஏன் கூடையில வீசறீங்க?"

லான்சியாங் சிரித்தாள். "பொக்கு டீச்சர். அடுப்புக்குத்தான் ஆகும். விருந்தாளி தட்டுல பொக்க வெப்பாங்களா யாராவது? நம்ம வீடு வெறுமையாப் போகட்டும்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடாது?"

துவான் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் கீழே ஏரிக்கரைச் சமவெளிக்காரி. அங்கே இந்த வழக்கம் இல்லை. இந்த மலை வீடுகளில் எத்தனை வருடமாக அக்ரூட் தின்றிருக்கிறாள்! ஒரு தடவைகூட அவள் உடைத்த காய் பொக்காக இருந்ததில்லை. மலைக் காற்று, மலை மண் என்று அவள் பெருமையாக நினைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

"நல்ல மரம் தேடி நான் வந்த வருஷம், ஆளுக்கு முப்பது காய் கொண்டுவரச் சொன்னேனே. அன்னைக்கு நீங்க கொண்டுவந்த காயும் இப்படி எடுத்ததுதானா?"

"பின்ன? மாவட்டத்துலருந்து வந்தவங்களுக்குச் சும்மா அள்ளிப் போடுவாங்களா? தண்ணியில போட்டு மிதக்கறதக் கழிச்சேன். மிச்சத்தக் காதுல ஆட்டிப் பாத்தேன். கறை இருந்தத மணல் போட்டுத் தேச்சேன். எங்க வீட்டுக்காரருகூடக் கிண்டல் பண்ணாரு, 'பொண்ணு பாக்க வந்தப்ப எனக்கே நீ இவ்வளவு பண்ணல'ன்னு."

"மூணு வருஷமும்?"

"மூணு வருஷமும்."

மூன்று வருடமும் இம்மி பிசகாமல் ஒரே மாதிரி காய். ஓடு மெல்லிசு, பருப்பு வெளுப்பு, உள்ளே இடைவெளியே இல்லாத நிறைவு. இவ்வளவு சீரான மரத்தை என் ஆயுளில் பார்த்ததில்லை என்று நிலையத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள் துவான். சீராக இருந்தது லான்சியாங்கின் கை.

அவள் செய்திருக்க வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியாதா? மரத்தடியில் போய் நின்று, விழுந்ததை விழுந்தபடி அள்ளியிருக்க வேண்டும். ஆனால் கழியால் காய் அடிக்க ஊர் குறிக்கும் நாள் வரும்வரை இங்கே யாரும் ஒரு காயை உதிர்க்க மாட்டார்கள். அந்த நாள் வந்துவிட்டாலோ மலை முழுக்க ஒரே சமயத்தில் எல்லா மரத்திலும் கழி விழும், பொழுது சாய்வதற்குள் காயெல்லாம் வீட்டுக்குள் போய்விடும். ஒருத்தி எத்தனை மரத்தடியில் நிற்பாள்? கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுக் களத்தில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த மரத்துல எப்பவுமே இவ்வளவு பொக்கா அக்கா?"

"நான் கல்யாணம் ஆகி வந்த நாள்லருந்து பாதிக்குப் பாதிதான். மிச்சப் பாதி தங்கமா இருக்கும். நீங்க கேக்கலையே டீச்சர். கேட்டிருந்தா..." லான்சியாங் கையில் எடுத்த காய் கையிலேயே நின்றது. கீழே களத்தில் நடப்பது அவளுக்கும் தெரியும். தன் மரத்தின் பிள்ளைகள் எல்லாம் ஏன் பொக்காய்க் காய்க்கின்றன என்று ஊரோடு சேர்ந்து அவளும் வியந்துகொண்டிருந்தவள்தான்.

"அப்ப என்னாலயா?" என்றாள். "என் தம்பி ஒரு மரம் விடாம தலைய வெட்டினானே. என் பேச்சக் கேட்டுத்தானே வெட்டினான். அய்யோ டீச்சர்."

"உங்களால இல்லக்கா" என்றாள் துவான். லான்சியாங் முன்னால் கட்டியிருந்த துணியில் முகத்தைப் புதைத்து அழுதாள். தட்டில் இருந்த நல்ல காய்களை யாரும் தொடவில்லை.

கீழே இறங்கும் வழியில் துவான் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லா வீட்டுக் காயும் அப்படித்தான் வந்திருக்கும். யார் மரம் நல்ல மரம் என்று அவள் போட்டியே நடத்தவில்லை. யார் வீட்டில் நன்றாகப் பொறுக்கத் தெரியும் என்றுதான் நடத்தியிருக்கிறாள்.

ஒருத்தரைத் தவிர.

சா ஜின்பாவ். மேல்மலையில் தனியாக இருக்கும் கிழவர், வாயைத் திறந்தால் ஊரே ஒதுங்கிப் போகும். அன்று அவர் காயைத் தொப்பியில் போட்டுக்கொண்டு வந்து அப்படியே மேசையில் கவிழ்த்தார். பச்சைத்தோல் ஒட்டிக்கொண்டிருந்தது, கறை, மண், பெரிசும் சிறிசுமாக ஒழுங்கில்லை. டீச்சருக்கு இப்படியா கொண்டுவருவது என்று பெண்கள் அவரை விரட்டாத குறை. துவான் மூக்கைச் சுளித்துக்கொண்டே உடைத்துப் பார்த்தாள். மற்றவர் காயைப் பார்த்த கண்ணுக்கு அது சுமார்தான். கழித்துவிட்டாள். அந்த முப்பதில் ஒன்றுகூடப் பொக்கில்லை என்பது அப்போது அவள் மனதில் பதியவே இல்லை. யார் கொண்டுவந்ததில்தான் பொக்கு இருந்தது?

அவள் எழுந்து நின்றாள். அந்த மரம் தாமதமாகத் துளிர்க்கிற மரம். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இந்த உயரத்தில் பூக்கிற காலத்தில் உறைபனி விழும். வெளியூர்ச் சாதிகளை நட்டால் பூ கருகிப் போகும். பனிக்குப் பிறகு துளிர்த்த மரங்கள் இந்த மலையில் இரண்டுதான், ஒன்று லான்சியாங்கினுடையது, மற்றொன்று இது. ஜின்பாவ் மரத்தின் தலையையும் அறுத்து ஒட்டுக் கட்டியாயிற்று என்பது உண்மைதான். அதனால் என்ன? ஒட்டுக்குக் கீழே அடிமரம் பழைய மரம்தானே. அதில் ஒரு துளிர் இருந்தால் போதும். துளிர் இல்லாவிட்டால் மரத்தைக் கீழே வரை அறுத்துவிட்டால் பழைய உடம்பிலிருந்து புதுசாக வெடிக்கும். ஒரு குச்சி நூறாகும், நூறு ஆயிரமாகும். தாஷிபிங்கைக் காப்பாற்ற ஒரு கை நீளக் குச்சி போதும்.

மறுநாள் காலை மேல்மலைக்கு ஏறினாள். அந்த ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை என்றால் நம்பவேண்டும்.

ஜின்பாவ் வாசலில் உட்கார்ந்து மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பொக்கை வாயில் சிரித்தார்.

"என்ன டீச்சரம்மா, இன்னும் எதாவது தலைய வெட்டணுமா? இந்த வீட்டுல என் தல ஒண்ணுதான் பாக்கி."

"பெரியப்பா, உங்க அக்ரூட் மரத்தப் பாக்கணும்."

"எதுக்கு?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

"போய்ப் பாருங்க. பாத்தீங்கன்னா எனக்கும் வந்து சொல்லுங்க."

பாறையைச் சுற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். மரம் நின்ற இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. ஆள் இறங்கி நிற்கலாம், அவ்வளவு ஆழம். அடியில் மழைத்தண்ணீர் தேங்கி, சுற்றிலும் களை முளைத்திருந்தது. துவான் பள்ளத்தின் விளிம்பில் மண்டியிட்டு, மண்ணிலிருந்து எட்டிப் பார்த்த வேர்த்துண்டு ஒன்றைப் பிடித்து இழுத்தாள். அது கையோடு வந்தது. காய்ந்து உளுத்திருந்தது.

பின்னால் ஜின்பாவ் வந்து நின்றார்.

"பொஞ்சாதி கல்லறைக்குப் போயி கும்பிட்டு வந்த மறுநாள் வெட்டினேன். கட்டைக்காரன் வேரோட கேட்டான். வேருல நல்ல ரேகை ஓடுதாம், டீ மேசை செஞ்சு பணக்காரன் வீட்டுல போடுவாங்களாம். மேசையாவாவது பொழைக்கட்டும்னு குடுத்துட்டேன்."

"ஏன் பெரியப்பா வெட்டினீங்க?"

"ஏனா? பொக்குக் காய்க்கற மரத்த வெச்சுக்கிட்டு என்ன பண்ணச் சொல்றீங்க, தினம் மாலை போடவா?"

அவள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்க வேண்டும் என்று ஒரு கணம் ஆசை வந்தது. ஆனாலும் சொன்னாள். லான்சியாங் காய் எடுத்ததை, தான் மேசையில் உட்கார்ந்திருந்ததை, நல்ல மரம் இதுதான் என்பதை. கிழவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க மட்டும் ஏன் எடுத்து வெக்காம அப்படியே கொண்டுவந்தீங்க?" என்று கேட்டாள்.

"எடுத்து வெக்க யாரு இருந்தா? அந்த வருஷம்தான் அவ செத்தா. எனக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது. கையில அகப்பட்டத அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தேன்."

துவான் எழுந்தாள். முழங்காலில் சேறு. இன்னும் ஒரு வழி இருந்தது. "யாருக்காவது குச்சி வெட்டிக் குடுத்தீங்களா? அக்கம்பக்கம், சொந்தக்காரங்க?"

"நீங்க கழிச்சுவிட்ட மரத்துல குச்சி கேட்டு எவன் வருவான்?"

"ஒட்டு பிடிக்கறவரைக்கும் பழைய கொப்பு ஒண்ணு விடச் சொல்லியிருந்தேனே. அதுல காய்ச்சதப் பாத்துக்கூட யாரும் குச்சி எடுக்கலையா?"

ஜின்பாவ் அவளைத் திரும்பிப் பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று சந்தேகப்பட்ட மாதிரி இருந்தது.

"நெசமாவே ஞாபகம் இல்லையா டீச்சரம்மா? ஒட்டு கட்டின மூணாம் வருஷம் வந்தீங்க. பழைய கொப்பு சத்தத் திருடுது, அறுத்துடுங்கன்னீங்க. பூரா உங்க இஷ்டத்துக்கு விட்டுட்டேன், இந்த ஒண்ணு மட்டும் கெடந்துட்டுப் போகட்டும்னு கேட்டேன். பொஞ்சாதி கட்டி வெச்ச ஊஞ்சக் கயிறு இருந்துச்சு அதுல. நீங்க என் கையிலருந்து ரம்பத்த வாங்கி நீங்களே ஏறி அறுத்தீங்க. பொம்பள மரம் ஏறி அறுக்கறான்னு ஊரே பாராட்டிச்சு."

ஞாபகம் வந்தது. அன்று கைதட்டினார்கள். இறங்கி வந்து கயிற்றை அவிழ்த்து அவரிடம் மடித்துக் கொடுத்ததுகூட ஞாபகம் வந்தது. தான் எவ்வளவு நல்லவள் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் கூட்டிப் போய் அடுப்பருகே உட்கார வைத்தார் கிழவர். டீ வறுக்கவில்லை, வெந்நீர்தான் கொடுத்தார். அவர் திட்டாமல் இருந்தது அவளுக்கு வலித்தது. இப்படிப்பட்ட வாய்க்காரர்கூடத் திட்ட முடியாத இடத்துக்கு அவள் வந்துவிட்டாள்.

"அந்த மரத்துக் காய் எதாவது இருக்கா?" என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அவர் எழுந்து அடுப்புக்கு மேலே புகை படிந்து தொங்கிய ஒரு துணிப்பையை இறக்கினார். "தல வெட்டறதுக்கு முந்தின காய்ப்பு. எனக்குப் பல்லும் போச்சு. தூக்கிப் போடவும் மனசு வரல. விதையா ஆகுமா டீச்சரம்மா?"

"ஆகாது பெரியப்பா. புகையில செத்திருக்கும். முளைச்சாலும் அது இந்த மரமா இருக்காது, வேற ஒண்ணா இருக்கும்."

"அப்ப தின்னுங்க."

துவான் ஒரு காயை அடுப்புக்கல்லில் வைத்துத் தட்டினாள். ஓடு லேசாக விரிந்தது. பருப்பு இரண்டு பாதியும் உடையாமல் முழுசாக வந்தது. நிறம் மங்கி, எண்ணெய் காறிப்போயிருந்தது. வாயில் போட்டு மென்றாள். நாக்கு எரிந்தது. விழுங்கினாள்.

அடுத்ததை உடைத்தாள். அதுவும் முழுசு. அதற்கடுத்ததையும் உடைத்தாள். இப்போது தின்னவில்லை, உடைத்து உடைத்துப் பக்கத்தில் போட்டாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பொக்கு. ஒன்று அகப்பட்டால், இதுவும் மற்ற மரங்களைப் போல ஒரு மரம்தான், பெரிதாக எதுவும் போய்விடவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மலை இறங்கிவிடலாம். சின்னக் காயாகப் பார்த்து எடுத்தாள். சூம்பிய காயாகப் பார்த்து எடுத்தாள். கனம் இல்லாத மாதிரி இருந்த ஒன்றை லான்சியாங் செய்ததைப் போலக் காதருகே வைத்து ஆட்டினாள். ஏதோ ஆடுகிற மாதிரி இருந்தது. ஆசையோடு உடைத்தாள். உள்ளே நிறைந்திருந்தது.

"என்ன தேடறீங்க டீச்சரம்மா?"

"பொக்கு."

"அதுல இருக்காது" என்றார் ஜின்பாவ்.

அவள் நிறுத்தவில்லை. பையைக் கவிழ்த்து, கடைசிக் காய் வரை உடைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை.